பிரிட்டனில் சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக கான்ட்ராக்ட் வேலை: கைக்கு எவ்வளவு வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ஐடி வேலையில் இருக்கும் நம் ஆட்கள் நிரந்தர உத்தியோகத்தை விட்டுக் கான்ட்ராக்டுக்குப் போக நினைக்கும்போது என்னிடம் போன் செய்கிறார்கள். நான் அக்கவுண்டன்ட் இல்லை. ஒன்பது வருடமாக சொந்தக் கம்பெனி வைத்து கான்ட்ராக்ட் செய்கிறவன், அவ்வளவுதான். கோயில் வாசலிலும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பிலும் ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வேறு ஆண்டு என்று சொல்லாத இடமெல்லாம் கணக்கு 2025-26 வரியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரை. விகிதங்கள் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்தில் சம்பளத்துக்கான வருமான வரி வேறு.

நான் ஒருத்தன்தான் வேலை செய்யப்போறேன். அதுக்கு எதுக்கு ஒரு கம்பெனி? பணம் எந்த வழியா என்கிட்ட வரும்?

கிளையன்டோ ஏஜென்சியோ உங்களுக்குச் சம்பளம் தராது. உங்கள் கம்பெனி இன்வாய்ஸ் அனுப்பும், பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கம்பெனிக்கு நீங்கள்தான் டைரக்டர், நீங்கள்தான் பங்குதாரர். ஆனாலும் சட்டப்படி அது வேறு ஆள், நீங்கள் வேறு ஆள். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

கம்பெனியிலிருந்து உங்கள் கைக்குப் பணம் வர முக்கியமான வழிகள் இரண்டு. டைரக்டர் என்ற முறையில் சம்பளம், பங்குதாரர் என்ற முறையில் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு. சம்பளம் கம்பெனிக்குச் செலவு, அதனால் லாபம் குறையும். டிவிடெண்ட் அப்படியில்லை. லாபத்துக்குக் கார்ப்பரேஷன் டாக்ஸ் போன பிறகு மிஞ்சுவதிலிருந்துதான் எடுக்க முடியும். ஆனால் டிவிடெண்டுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்துக்காக ஊழியரும் முதலாளியும் அரசுக்குக் கட்டும் பங்கு) கிடையாது. லிமிடெட் கம்பெனியில் மிச்சம் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒரு நாளைக்கு 450 பவுண்டு சொல்றாங்க. அப்போ வருஷத்துக்கு 450 இன்ட்டு 260, கிட்டத்தட்ட 117,000 தானே?

இல்லை, கணக்கு முதலில் தப்புவதே இங்கேதான். சனி, ஞாயிறு போக வருடத்தில் 261 நாள். இங்கிலாந்தில் வங்கி விடுமுறை 8, மீதி 253. பிள்ளைகளுக்குப் பள்ளி விடும்போது ஊருக்குப் போய்வர 20 நாள் வைத்தால் 233. காய்ச்சல், பல்வலி என்று 5 நாள். ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை குறைந்தது 8 நாள். ஆக 220.

450-ஐ 220-ஆல் பெருக்கினால் 99,000 பவுண்டு. இந்தப் பக்கம் முழுக்க இந்த எண்ணைத்தான் பயன்படுத்தப் போகிறேன். உங்கள் முதல் வருடம் என்றால் 200 நாள் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கிலும் வீட்டுச் செலவு ஓடுமென்றால் தைரியமாக இறங்கலாம்.

வாட் சேர்த்து மாசம் 10,800 வருதுன்னு நண்பர் சொல்றார். அதுல எவ்வளவு நம்மது?

மாதம் 20 நாள் வேலை என்றால் 9,000 பவுண்டு. அதன் மேல் 20 சதவீத வாட் (விற்பனையின் மேல் வாங்கும் வரி) 1,800. இன்வாய்ஸ் 10,800. அந்த 1,800 ஒரு நிமிடம்கூட உங்களுடையது இல்லை. பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சிக்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள், காலாண்டு முடிந்து ஒரு மாதம் ஏழு நாளுக்குள் கட்டிவிட வேண்டும். தொடர்ச்சியான 12 மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். நம் 99,000 அதைத் தாண்டுகிறது.

வாங்கிய வாட்டை அப்படியே கட்டாமல் மொத்தத் தொகையில் ஒரு நிலையான சதவீதத்தைக் கட்டும் ஃபிளாட் ரேட் திட்டத்தில் நல்ல லாபம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது ஒரு காலம். பொருள் எதுவும் பெரிதாக வாங்காமல் உழைப்பை மட்டும் விற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இப்போது 16.5 சதவீதம், அதுவும் வாட் சேர்த்த தொகையின் மேல். 10,800-க்கு 1,782. மிச்சம் மாதத்துக்கு 18 பவுண்டு. உங்கள் செலவுகளுக்குக் கட்டும் வாட்டையும் திரும்பக் கேட்க முடியாது என்பதால் நான் சாதாரணத் திட்டத்திலேயே இருக்கிறேன்.

சம்பளமா எவ்வளவு எடுக்கறது? ஒருத்தர் 5,000-ங்கறார், ஒருத்தர் 12,570-ங்கறார்.

இரண்டு எண்களுக்கும் காரணம் உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து சம்பளம் 5,000 பவுண்டைத் தாண்டினாலே கம்பெனி 15 சதவீதம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். அது வேண்டாம் என்பவர்கள் 5,000-இல் நிறுத்துகிறார்கள். 12,570 என்பது உங்கள் வரிவிலக்கு வரம்பு. அதுவரை உங்களுக்கு வருமான வரியும் இல்லை, ஊழியர் பங்கு நேஷனல் இன்சூரன்ஸும் இல்லை.

12,570 எடுத்தால் கம்பெனி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 1,135.50. ஆனால் கூடுதல் சம்பளமும் அந்த இன்சூரன்ஸும் சேர்ந்து லாபத்தைக் குறைப்பதால், நம் உதாரணத்தில் கார்ப்பரேஷன் டாக்ஸ் சுமார் 2,307 குறைகிறது. கட்டுவதைவிட மிச்சம் அதிகம். அதனால் நான் 12,570 பக்கம்தான். இன்னொன்று, அரசு ஓய்வூதியத்துக்கு இந்த வருடம் கணக்கில் சேர வேண்டுமென்றால் சம்பளம் குறைந்தது 6,500 இருக்க வேண்டும். முழு ஓய்வூதியத்துக்கு 35 வருடம் தேவை. முப்பது வயதுக்குமேல் இங்கே வந்த நமக்கு ஒரு வருடத்தைக்கூட வீணாக்கக் கட்டுப்படியாகாது.

சரி, சுத்தி வளைக்காம 99,000-க்கு முழுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க.

வருமானம் 99,000. அக்கவுண்டன்ட் கட்டணம், தொழில் காப்பீடு, லேப்டாப், போன் எல்லாம் சேர்த்து 3,000 என்று வைப்போம். சம்பளம் 12,570. கம்பெனியின் நேஷனல் இன்சூரன்ஸ் 1,135. இவை போக லாபம் ஏறக்குறைய 82,295. முதல் 50,000-க்குக் கார்ப்பரேஷன் டாக்ஸ் 19 சதவீதம், அதாவது 9,500. லாபம் 50,000-க்கும் 250,000-க்கும் இடையில் இருக்கும்போது, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் நடைமுறையில் 26.5 பென்ஸ் போகிறது. அது 8,558. மொத்த வரி 18,058. கம்பெனியில் மிஞ்சுவது 64,236.

இதை முழுவதும் டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் தனிப்பட்ட வரி இப்படி வரும். வரிவிலக்கைச் சம்பளம் தின்றுவிட்டது. டிவிடெண்டில் முதல் 500-க்கு வரி இல்லை. அடுத்த 37,200-க்கு 8.75 சதவீதம், அது 3,255. அதற்கு மேலுள்ள 26,536-க்கு 33.75 சதவீதம், அது 8,956. ஆக 12,211. சம்பளமும் டிவிடெண்டும் சேர்ந்த 76,806-இலிருந்து இதைக் கழித்தால் கைக்கு 64,595. மாதத்துக்கு 5,383.

ஒரு நாளின் 450 பவுண்டை எடுத்துப் பாருங்கள். 14 பவுண்டு செலவு, 5 பவுண்டு நேஷனல் இன்சூரன்ஸ், 82 பவுண்டு கார்ப்பரேஷன் டாக்ஸ், 55 பவுண்டு டிவிடெண்ட் வரி. வீட்டுக்கு வருவது 294. ஏஜென்ட் விலை பேசும்போது என் மனதில் ஓடுவது 450 இல்லை, இந்த 294தான்.

எல்லாத்தையும் எடுக்கணும்னு கட்டாயமா? கம்பெனியிலேயே விட்டு வைக்கலாமா?

கட்டாயமே இல்லை. சம்பளமும் டிவிடெண்டும் சேர்ந்து 50,270 வரும் இடத்தில் நிறுத்திக்கொண்டால் 33.75 சதவீத வரி பக்கத்திலேயே வராது. தனிப்பட்ட வரி 3,255 மட்டும். கைக்கு 47,015, மாதம் 3,918. மிச்சம் 26,536 கம்பெனியில் இருக்கும்.

டிவிடெண்டுக்கு வரி எடுத்த ஆண்டில்தான். ஏப்ரல் 5-ஆம் தேதி எடுத்தால் இந்த ஆண்டு, 6-ஆம் தேதி எடுத்தால் அடுத்த ஆண்டு. கான்ட்ராக்ட் இல்லாத ஆண்டிலோ மகப்பேறு விடுப்பு ஆண்டிலோ குறைந்த வரியில் எடுத்துக்கொள்ளலாம். மாதச் செலவு நாலாயிரத்துக்குள் அடங்கும் குடும்பங்களுக்கு லிமிடெட் கம்பெனி தரும் உண்மையான சௌகரியம் இதுதான்.

செலவு நிறைய காட்டினா வரி மிச்சமாமே? என்னென்ன போடலாம்?

தேவையில்லாத செலவு செய்து மிச்சம் பிடிக்க முடியாது. 1,000 பவுண்டுக்கு லேப்டாப் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதை வாங்காமல் டிவிடெண்டாக எடுத்திருந்தால் இரண்டு வரியும் போக உங்களுக்கு 487 பவுண்டு வந்திருக்கும். ஆக லேப்டாப்பின் உண்மையான விலை 487. வேலைக்கு வேண்டுமென்றால் அருமையான விலை. வேண்டாத பொருள் என்றால் 487 பவுண்டு தண்டம்.

தொழிலுக்காக மட்டும் செய்யும் செலவைத்தான் போடலாம். கான்ட்ராக்ட் ஐஆர்35-க்கு வெளியே இருந்தால் (அது என்னவென்று பின்னால் வருகிறது) கிளையன்ட் அலுவலகத்துக்குச் சொந்தக் காரில் போவதற்கு மைலுக்கு 45 பென்ஸ் எடுக்கலாம், 10,000 மைலுக்கு மேல் 25 பென்ஸ். போகவர 60 மைல், வாரத்தில் இரண்டு நாள், 44 வாரம் என்றால் 2,376 பவுண்டு வரியில்லாமல் உங்கள் கைக்கு வரும். ஆனால் அதே இடத்துக்கு 24 மாதத்துக்கு மேல் போகப் போகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அது நின்றுவிடும். இன்டர்வியூவுக்குத் தைத்த கோட், மதியச் சாப்பாட்டு டப்பா, குடும்பத்தின் நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சேராது.

கம்பெனி அக்கவுண்ட்ல நாற்பதாயிரம் சும்மா கிடக்குது. வீட்டு வேலைக்கு எடுத்துட்டு அப்புறம் போட்டா என்ன?

முதல் பதிலில் சொன்னேனே, கம்பெனி வேறு ஆள் என்று. சம்பளமும் இல்லாமல் டிவிடெண்டும் இல்லாமல் எடுக்கும் பணம் அந்த ஆளிடம் நீங்கள் வாங்கிய கடன். கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதம் ஒரு நாளுக்குள் திருப்பிப் போடாவிட்டால் பாக்கித் தொகைக்குக் கம்பெனி 33.75 சதவீதம் வரி கட்ட வேண்டும். கடனை அடைத்தபின் அந்த வரி திரும்ப வரும், ஆனால் மெதுவாக. கடன் 10,000 பவுண்டைத் தாண்டி, வட்டியும் இல்லையென்றால் அதுவே உங்களுக்கு ஒரு சலுகையாகக் கணக்கிடப்பட்டு அதற்கும் வரி வரும்.

அந்த நாற்பதாயிரத்தில் எவ்வளவு வாட், எவ்வளவு கார்ப்பரேஷன் டாக்ஸ் என்று பிரித்துப் பார்த்தீர்களா? லாபம் இல்லாமல் டிவிடெண்ட் எடுப்பது சட்டப்படி செல்லாது. ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் டைரக்டர் தீர்மானமும் வவுச்சரும் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

எப்ப எப்ப கட்டணும்? மாசாமாசம் பிடிக்க மாட்டாங்களா?

பிடிக்க மாட்டார்கள், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. உங்கள் கம்பெனியின் ஆண்டு 2026 மார்ச் 31-இல் முடிந்தால் 18,058 பவுண்டு கார்ப்பரேஷன் டாக்ஸ் 2027 ஜனவரி 1-க்குள். உங்கள் தனிப்பட்ட 12,211 அதே ஜனவரி 31-க்குள்.

பலரும் எதிர்பார்க்காதது அடுத்து வருகிறது. அந்த வரியில் பாதியை, அதாவது 6,105-ஐ, அடுத்த ஆண்டுக்கான முன்பணமாக அதே ஜனவரி 31-இல் கேட்பார்கள். ஆக அன்றைக்குக் கட்ட வேண்டியது 18,316. ஜூலை 31-இல் இன்னொரு 6,105. என் முதல் ஜனவரியில் இந்த முன்பணத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. வரித் தொகையை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். மீதிக்கு என் மனைவி ஊரில் அம்மாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுக்க வேண்டியதாயிற்று. இந்தப் பக்கத்தை எழுத முக்கியமான காரணமே அந்த மாதம்தான்.

இப்போது ஒவ்வொரு இன்வாய்ஸ் பணமும் வந்த அன்றே மூன்று சேமிப்புக் கணக்குகளுக்குப் பிரித்துவிடுகிறேன். வாட் முழுவதும் ஒன்றில், வாட் நீங்கிய தொகையில் 20 சதவீதம் கார்ப்பரேஷன் டாக்ஸுக்கு, 13 சதவீதம் தனிப்பட்ட வரிக்கு. தனிப்பட்ட வரிக்கான கணக்கு என் சொந்தப் பெயரில். மீதியில்தான் குடும்பம் நடக்கிறது.

ஐஆர்35-ன்னா என்ன? எல்லாரும் அதைச் சொல்லிப் பயமுறுத்தறாங்க.

2000 ஏப்ரலில் வந்த விதி. கேள்வி ஒன்றுதான்: நடுவில் இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் நீங்கள் கிளையன்டின் ஊழியரைப் போலத்தான் இருப்பீர்களா? ஆம் என்றால் கான்ட்ராக்ட் ‘இன்சைடு’, ஊழியரைப் போலவே வரி. இல்லை என்றால் ‘அவுட்சைடு’, மேலே போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தும். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள், உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியுமா, வேலை கொடுத்தே தீர வேண்டும், செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா என்ற மூன்றையும்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

முன்பு இதை நாமே முடிவு செய்தோம். அரசுத் துறையில் 2017 ஏப்ரலிலும், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் 2021 ஏப்ரலிலும் அந்தப் பொறுப்பு கிளையன்டிடம் போனது. காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். கிளையன்ட் சிறிய நிறுவனம் என்றால் இன்னும் உங்கள் கம்பெனியின் பொறுப்புதான், தவறினால் வரியும் உங்கள் தலையில்தான். அந்த நிலையில் ஒப்பந்தத்தைத் தனியாக ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதற்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், தினமும் காலை ஒன்பதரைக்கு மேனேஜர் வேலை பிரித்துக் கொடுத்து, லீவுக்கு அவரிடம் அனுமதி கேட்டு வாழ்ந்தால் அது ஊழியர் வாழ்க்கைதான்.

அதே 450 இன்சைடுன்னா எவ்வளவு குறையும்?

இன்சைடு வேலைக்குப் பெரும்பாலானோர் அம்ப்ரெல்லா கம்பெனி வழியாகப் போகிறார்கள். நீங்கள் அவர்களின் ஊழியர், பணத்தை வாங்கி வரி பிடித்து உங்களுக்குச் சம்பளமாகத் தருவது அவர்கள். 99,000-இலிருந்து அவர்களின் கட்டணம் வாரம் 25 பவுண்டு, 44 வாரத்துக்கு 1,100. மீதியில் முதலாளி பங்கு நேஷனல் இன்சூரன்ஸும் 0.5 சதவீத அப்ரென்டிஸ்ஷிப் லெவியும் (முதலாளி கட்டும் இன்னொரு வரி) போனபின் உங்கள் சம்பளம் என்று நிற்பது சுமார் 85,411. வருமான வரி 21,596, உங்கள் பங்கு நேஷனல் இன்சூரன்ஸ் 3,719. ஓய்வூதியப் பிடித்தம் இல்லாமல் பார்த்தால் கைக்கு 60,096.

அவுட்சைடில் எல்லாவற்றையும் எடுத்தால் 64,595. வித்தியாசம் 4,499 மட்டுமே. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அவுட்சைடில் முழுவதையும் எடுக்காமல் விடுவது, மைல் கணக்கு, கீழே சொல்லும் பங்குப் பிரிப்பு எல்லாம் இருக்கின்றன. இன்சைடில் அவை இல்லை. விலை பேசும்போது இதையும் கேளுங்கள்: ‘இந்த 450 அம்ப்ரெல்லாவுக்குத் தரும் விலையா, முதலாளி வரிகள் போன பிறகு எனக்கு நிற்கும் சம்பளமா?’ ஒரே எண், இரண்டு பொருள்.

ஒரு அம்ப்ரெல்லாக்காரங்க 85 சதவீதம் கைக்கு வரும்னு எழுதியே தர்றாங்க. உண்மையா?

மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். ஒழுங்காக வரி கட்டும் அம்ப்ரெல்லாவில் 99,000-க்கு 61 சதவீதம், லிமிடெட்டில் 65. எண்பத்தைந்து எங்கிருந்து வரும்? குறைந்த சம்பளம் காட்டிவிட்டு மீதியைக் ‘கடன்’ என்றோ ‘அட்வான்ஸ்’ என்றோ தருவார்கள். அந்தக் கடனை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பதால் எச்எம்ஆர்சி அதை வருமானமாகவே எடுத்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட பழைய திட்டங்களில் சேர்ந்தவர்கள் மேல் 2019-இல் லோன் சார்ஜ் என்ற வரி வந்தது. பல வருடக் கடன்களை ஒரே ஆண்டின் வருமானமாகக் கூட்டி வரி கேட்டார்கள். திட்டத்தை விற்றவர்கள் காணாமல் போய்விட்டார்கள், நோட்டீஸ் வந்தது வேலை செய்தவர் வீட்டுக்கு. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

அண்ணை, மனுசியின்ர பேரில பாதிப் பங்கு எழுதினா வரி குறையுமே?

குறையும். மனைவிக்கு வேறு வருமானமே இல்லை, பங்கு பாதிப் பாதி என்று வைப்போம். 64,236 டிவிடெண்டில் ஆளுக்கு 32,118. உங்கள் வரி 2,767. அவருக்கு 12,570 வரிவிலக்கும் 500-ம் போக மீதிக்கு 1,667. இருவருக்கும் சேர்த்து சுமார் 4,433. தனியாக எடுத்தபோது 12,211. மிச்சம் 7,778 பவுண்டு.

இதை எச்எம்ஆர்சி எதிர்த்து நீதிமன்றம் போனது. ஆர்க்டிக் சிஸ்டம்ஸ் வழக்கு என்பார்கள். கணவன் மனைவி வைத்திருந்த கம்பெனி அது. 2007-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தம்பதியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது வாக்குரிமையும் சொத்துரிமையும் உள்ள சாதாரணப் பங்காக இருக்க வேண்டும், டிவிடெண்ட் மட்டும் தரும் தனி வகைப் பங்கு இதில் அடங்காது. டிவிடெண்ட் அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவர் பணமாகவே இருக்க வேண்டும். கொடுத்த பங்கு கொடுத்ததுதான், நாளைக்கு மனஸ்தாபம் வந்தாலும் பாதிக் கம்பெனி அவருடையது. அதை மனதாரச் சம்மதித்துச் செய்யுங்கள்.

பென்ஷன்ல போட்டா லாபம்ங்கறாங்க. அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் தொட முடியாத பணம் எனக்கு எதுக்கு?

தொட முடியாது என்பது உண்மை, அந்த வயதும் 2028 ஏப்ரலில் 57 ஆகிறது. ஆனால் எண்ணைப் பாருங்கள். கம்பெனி நேரடியாக உங்கள் பென்ஷனில் 30,000 போட்டால் அது கம்பெனிக்குச் செலவு. கார்ப்பரேஷன் டாக்ஸில் 7,950 குறைகிறது, நேஷனல் இன்சூரன்ஸும் இல்லை. அதே 30,000-ஐ டிவிடெண்டாக எடுத்தால் கார்ப்பரேஷன் டாக்ஸ் போய் 22,050, அதில் 33.75 சதவீதம் போய் 14,608.

அறுபது வயதில் 30,000-ஆ, இன்றைக்கு 14,608-ஆ? வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பவருக்கும் நாற்பத்தைந்து வயதில் கடன் முடித்தவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது. ஆண்டு வரம்பு பொதுவாக 60,000.

ரெண்டு பிள்ளைங்க. சைல்ட் பெனிஃபிட் போயிடுமா?

பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகை அது. தம்பதியில் ஒருவரின் வருமானம் 60,000-ஐத் தாண்டினால் ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் ஒரு சதவீதம் திருப்பிக் கட்ட வேண்டும், 80,000-இல் முழுவதும் போய்விடும். 76,806 என்றால் 84 சதவீதம். இரண்டு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 2,251 வருகிறதென்றால் 1,891 திரும்பப் போகிறது. 50,270-இல் நிறுத்தினாலோ பங்கைப் பிரித்தாலோ முழுவதும் உங்களுக்கே. நூறாயிரத்தைத் தாண்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வரிவிலக்கு தேய ஆரம்பித்து 125,140-இல் இல்லாமல் போகிறது, சின்னப் பிள்ளைகளுக்கான வரியில்லாப் பராமரிப்பு உதவியும் பறிபோகிறது.

இப்ப நிரந்தர வேலையில 75,000 வாங்கறேன். மாறினா நல்லதா?

75,000 சம்பளத்தில் ஊழியர் பென்ஷன் பிடித்தத்துக்கு முன் கைக்கு 54,057. நம் உதாரணத்தைவிட 10,538 குறைவு. முதலாளி 8 சதவீதம் பென்ஷன் போடுகிறார் என்றால் அதில் 6,000 ஈடாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் நாலாயிரத்துச் சொச்சத்துக்காக நீண்ட நாள் நோய்க்காலச் சம்பளத்தையும் ஆட்குறைப்பு இழப்பீட்டையும் விடுகிறீர்கள். 450-க்கு நான் மாறச் சொல்ல மாட்டேன். 550-க்கு மேல் அவுட்சைடில் கிடைத்தால் யோசியுங்கள். அல்லது 50,270-க்குள் வாழ்ந்து மீதியைப் பென்ஷனிலும் கம்பெனியிலும் சேர்க்கும் பழக்கம் உள்ள வீடு என்றால் யோசியுங்கள்.

நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல இருக்கேன். கம்பெனி ஆரம்பிக்கலாமா?

இந்த வேலைக்கு முடியாது. உங்களுக்கு ஸ்பான்சர் செய்த நிறுவனத்தை விட்டு சொந்தக் கம்பெனி வழியாக கான்ட்ராக்ட் செய்ய அந்த விசா இடம் தராது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்த பிறகுதான். டிபென்டன்ட் விசாவில் இருக்கும் துணைவர் சுயதொழில் செய்யலாம், ஆனால் வேலையை அவரே செய்ய வேண்டும். அவர் பெயரில் கம்பெனி, வேலை மட்டும் நீங்கள் என்பது விசாவையே பறித்துவிடும்.

வீட்டுக் கடன் தருவாங்களா? வருமானம் குறைவா தெரியுதே?

தருவார்கள். சில வங்கிகள் சம்பளத்தையும் எடுத்த டிவிடெண்டையும் மட்டும் பார்க்கும், அப்போது கம்பெனியில் விட்டு வைத்தது கணக்கில் வராது. சில வங்கிகள் நாள் விலையை ஐந்தாலும் 46 அல்லது 48 வாரத்தாலும் பெருக்கிப் பார்க்கும். 450-க்கு 46 வாரம் என்றால் 103,500. கான்ட்ராக்டர்களுக்குக் கடன் வாங்கித் தந்து பழகிய புரோக்கரிடம் போங்கள்.

2026 ஏப்ரலுக்கு அப்புறம் இந்தக் கணக்கு மாறுதாமே?

மாறுகிறது. டிவிடெண்ட் வரி 8.75-இலிருந்து 10.75-ஆகவும், 33.75-இலிருந்து 35.75-ஆகவும் ஏறுகிறது. அதே 99,000, அதே 220 நாள், எல்லாவற்றையும் எடுத்தால் வரி 13,486. கைக்கு 63,320. அம்ப்ரெல்லாவோடு இருந்த 4,499 வித்தியாசம் சுமார் 3,224 ஆகச் சுருங்குகிறது. முழுவதையும் எடுத்துச் செலவழிக்கும் வீட்டுக்கு அக்கவுண்டன்ட், வாட், கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸில் தாக்கல் என்ற அலைச்சல் இனி இந்தத் தொகைக்கு ஈடாகுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அம்ப்ரெல்லா வரி கட்டாமல் ஏமாற்றினால் 2026 ஏப்ரலிலிருந்து ஏஜென்சியும் பொறுப்பு என்பதால் அந்தப் பக்கமும் கொஞ்சம் சுத்தமாகும் என்று நம்புகிறேன்.

கான்ட்ராக்ட் திடீர்னு நின்னுட்டா என்ன பண்றது?

நிற்கும். ஒரு வாரம் முன்னறிவிப்பில்கூட நிற்கும். எனக்கு இரண்டு முறை நின்றிருக்கிறது. அதற்குத்தான் 50,270-இல் நிறுத்தும் கணக்கை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அப்படி ஒரு வருடம் வைத்த 26,536 கம்பெனியில் இருந்தால், அதே மாதச் சம்பளம் 1,047, அதற்கான நேஷனல் இன்சூரன்ஸ், அதே டிவிடெண்ட் 3,142 எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 4,284. புது வருமானம் ஒரு பென்ஸ்கூட இல்லாமல் ஆறு மாதம் வீடு அப்படியே ஓடும். இரண்டாவது முறை நின்றபோது எனக்கு நாலரை மாதம் வேலை இல்லை. பிள்ளைகளின் வயலின் வகுப்பைக்கூட நிறுத்தவில்லை.